லோடு போட்டுப் பார்த்த விரல்

கம்பிக் கயிறு உள்ளங்கையை அறுத்தபோது நான் பயப்படவில்லை. துறைமுகத்தில் வேலை பார்ப்பவனுக்கு ரத்தம் புதிதில்லை. யாரோ துண்டைக் கிழித்துச் சுற்றினார்கள், யாரோ ஆட்டோ பிடித்தார்கள், ராயபுரம் பாலம் ஏறும்போது ஆட்டோக்காரருக்கு நானேதான் வழி சொன்னேன். பயம் வந்தது ஆஸ்பத்திரியில். சின்ன வயது டாக்டர் ஒருவர் ரத்தத்தைக் கழுவிவிட்டு, "விரலை மடக்குங்க" என்றார். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மடங்கின. மற்ற மூன்றும் நேராக நின்றன. வலிக்கவில்லை. மடங்கு என்று நான் சொல்கிறேன், அவை கேட்கவில்லை. பக்கத்துக் கட்டில்காரனின் விரல்களைப் பார்ப்பதுபோல் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது எனக்கு முப்பது ஆகவில்லை. எட்டாவதோடு பள்ளிக்கூடம் போதும் என்று கிளம்பியவன். லாரி கிளீனராக விசாகப்பட்டினம்வரை போயிருக்கிறேன், தூத்துக்குடியில் உப்பு அள்ளியிருக்கிறேன், பெல்லாரியில் ஒரு மெஸ்ஸில் மாவாட்டியிருக்கிறேன். ஓர் ஊர் பிடிக்காமல் போனால் யாரிடமும் சொல்லாமல் வண்டி ஏறிவிடுவேன். வடசென்னையில் மட்டும் சில வருஷம் தங்கிவிட்டேன். வேலை பிடித்திருந்தது. கப்பலில் சரக்குத் தூக்கும் கிரேனுக்கு ஸ்லிங் என்கிற கம்பிக் கயிறு வேண்டும். அதன் நுனியை மடக்கி, இரும்புக் குத்தூசியால் புரிகளைப் பிரித்து, ஒன்றுக்குள் ஒன்றைச் செருகி, கொக்கியில் மாட்டுவதற்கு ஒரு வளையம் பின்ன வேண்டும். அந்த வளையத்துக்குக் கண் என்று பெயர். நான் கண் பின்னுகிறவன். குத்தூசியை இறுக்கிப் பிடிக்க வலது கை முழுசாக மூட வேண்டும். எங்கள் மேஸ்திரி ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்தபோது சொன்னதும் அதுதான்.

"கை மூடிச்சின்னா வா நைனா. எடம் கீது. மூடலன்னா நான் இன்னா பண்றது, நீயே சொல்லு."

அவர் கெட்டவர் இல்லை. வாங்கி வந்த ஆரஞ்சுப் பழத்தை உரித்துத் தந்துவிட்டுத்தான் போனார்.

உள்ளே அறுந்ததை நாங்கள் நரம்பு என்போம். அது நரம்பில்லை, தசையை விரலோடு கட்டும் நாண் என்று பிறகு தெரிந்தது. மூன்று விரலுக்கும் தைத்தார்கள். தைத்த பெரிய டாக்டர், "என் வேலை முடிஞ்சுது. இனிமே கடைசி ரூம்லதான் இருக்கு உன் கை" என்றார்.

கடைசி ரூம் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். நீள வராந்தாவின் கோடியில், உடைந்த கட்டில்களை அடுக்கி வைத்திருந்த இடத்துக்குப் பக்கத்தில். செயல்முறை சிகிச்சை என்று வாசலில் எழுதியிருந்தது, பாதி அழிந்துபோய். அடிபட்ட கையை மறுபடி வேலைக்குப் பழக்குகிற இடம். உள்ளே போனால் ஆஸ்பத்திரி மாதிரியே இல்லை. ஒரு பலகையில் தண்ணீர்க் குழாய், தாழ்ப்பாள், பூட்டு, சுவிட்ச், பஸ்ஸில் பிடித்துக்கொள்ளும் கைப்பிடி எல்லாம் ஆணி அடித்து வரிசையாக இருந்தன. ஒரு தட்டில் அரிசியும் துவரம் பருப்பும் கலந்து கிடந்தன. பொத்தான் வைத்த பழைய சட்டை, ஜன்னல் கம்பியில் கட்டிய சிவப்பு ரிப்பன். யாரோ வீடு காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு வந்த சாமான்கள் மாதிரி இருந்தது.

அந்த ரூமுக்கு ஒரே ஆள்தான், மேடம் என்று கூப்பிடுவோம். என் வயதுதான் இருக்கும். புடவையில் எப்போதும் மாவுக்கட்டுத் தூசி. பக்கவாதம் வந்தவர்கள், தீக்காயக்காரர்கள், கை நசுங்கியவர்கள், பிறவியிலேயே கழுத்து நிற்காத குழந்தைகள், எல்லாரும் அவரிடம்தான் வந்தார்கள். என்னைப் பார்த்ததும் வலிக்கிறதா என்று கேட்கவில்லை. "என்ன வேலை செய்றீங்க? செஞ்சு காட்டுங்க" என்றார். இடது கையில் ஒரு பென்சிலைக் குத்தூசியாகப் பிடித்துக் காட்டினேன். இரண்டு தடவை காட்டச் சொன்னார். எந்த விரல் எங்கே அழுத்துகிறது என்று படம் போட்டுக்கொண்டார்.

பிறகு என் முன்கையின் பின்பக்கம் மாவுக்கட்டால் ஒரு தொட்டில் செய்து, மணிக்கட்டை வளைத்து வைத்தார். மூன்று நகத்திலும் சின்னக் கொக்கியைப் பசை வைத்து ஒட்டி, ஒவ்வொன்றிலும் ரப்பர் பேண்டை மாட்டி, மறுமுனையை மணிக்கட்டுப் பட்டியில் ஊக்கு குத்திச் சேர்த்தார். ரப்பர் விரலை உள்ளே இழுத்து வைத்திருக்கும். மணிக்கொரு தடவை நான் விரலை வெளியே நீட்ட வேண்டும். விட்டால் ரப்பரே மடக்கிவிடும்.

"நீங்களா மடக்கக் கூடாது. நான் சொல்ற வரைக்கும் உங்க பலத்துல ஒரு தடவைகூட மடக்கக் கூடாது. புரியுதா?"

புரிந்தது என்றேன்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் போனேன். என்னோடு அங்கே பெஞ்சில் உட்காரும் அக்கா ஒருவர் இருந்தார். திருவொற்றியூரில் ஒரு பட்டறையில் தகடு வெட்டும் பவர் பிரஸ் மெஷின் ஓட்டியவர். வலது கையில் இரண்டு விரல் பாதியோடு போயிருந்தன. சடையங்குப்பத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். மகளுக்குத் தலை பின்னிவிட முடியவில்லை என்பதுதான் அவருடைய குறை. ஜன்னல் கம்பியில் இருந்த ரிப்பன் அவருக்காகக் கட்டியது. பின்னுவார், அவிழ்ப்பார், மறுபடி பின்னுவார்.

"இன்னா நைனா, சோறு துன்னியா? இல்ல அந்த ரப்பர் பேண்டுல எட்துக்கினு வாயில போட்டுக்கினியா?" என்று என்னைக் கேட்பார். நான் இடது கையில் ஸ்பூன் பிடித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். நான் குடியிருந்த காலடிப்பேட்டையில், மெஸ்ஸில் பக்கத்து இலைக்காரர் முகம் சுளித்ததை அவரிடம் சொல்லியிருந்தேன்.

ஒரு நாள் மேடம் புது ரப்பர் வெட்டிக்கொண்டே, "அடுத்த மாசம் நான் இங்க இருக்க மாட்டேன்" என்றார்.

"மாத்திட்டாங்களா மேடம்?"

"இல்ல. இங்கிலாந்துல வேலை கிடைச்சிருக்கு."

அக்கா ரிப்பனை விட்டார். "அந்த ஊர்ல இன்னா, அல்லாரும் கைய ஒடச்சிக்கினு குந்திகினு கீறாங்களா?"

"அங்க எங்க வேலைக்கு ஆள் பத்தலையாம். இங்க வந்து இன்டர்வியூ பண்ணி எடுக்கிறாங்க."

"இங்க மட்டும் பத்துதா?"

மேடம் என் நடுவிரல் ரப்பரை மாட்டினார். இழுப்பு சரியாக இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தார். பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னார்: "எங்கயுமே பத்தலங்க. சொல்லித் தர்ற காலேஜ் கொஞ்சம்தான். படிச்சு வந்தா ஆஸ்பத்திரியில போஸ்ட் கிடையாது. எனக்கு ஒரு ஆளாவது கொடுங்கன்னு வந்த நாள்லேருந்து எழுதிப் போட்டுக்கிட்டிருக்கேன். என்னோட படிச்சவங்க முக்காவாசி வெளியூர்ல இருக்காங்க. எங்க அப்பாவுக்கும் உடம்பு முடியல, அங்க போனா வர்ற சம்பளத்துல பாத்துக்கலாம்."

எனக்குக் கோபம் வரவில்லை. எத்தனையோ ஊரைவிட்டுச் சொல்லாமல் போனவன், சொல்லிவிட்டுப் போகிறவரைக் கோபித்துக்கொள்ள முடியாது. என் கைக்கு இன்னும் எத்தனை வாரம் என்று கேட்டேன். சொன்னார். அவர் கிளம்பும் தேதி அதற்கு முன்னால் இருந்தது.

அடுத்த வாரம் விசா வேலையாக அவர் லீவு போட்டார். போகும்முன் எல்லாரிடமும் சொன்னார், கதவிலும் எழுதி ஒட்டினார். நான் அப்படியும் போனேன். பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

காலடிப்பேட்டையில் என்னோடு ஒரே ரூமில் தங்கியிருந்தவன் கப்பலில் சரக்கு இறக்கும் வின்ச் மெஷின் ஓட்டுகிறவன். ராயபுரத்துக்காரன். அண்ணனோடு சண்டை போட்டுக்கொண்டு வந்து என்னோடு இருந்தான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் சர்ச் பூசைக்கும் அம்மா வைக்கும் மீன் குழம்புக்கும் போய், எனக்கும் தூக்குவாளியில் கொண்டுவருவான். அந்த வாரம் முள் எடுத்து மீனைப் பிசைந்து வைத்துக்கொண்டே கேட்டான்.

"மாமு, கண்ணு பின்னிட்டானுங்க. சரி. லோடு போட்டுப் பாத்தானுங்களா?"

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வெளியாருக்கு இது விளங்காது. எங்கள் வேலையில் புதிதாகப் பின்னின கண்ணை அப்படியே யாரும் கப்பலுக்கு எடுத்துப்போக மாட்டார்கள். தூக்கப் போகிற எடையைவிடக் கொஞ்சம் கூடவே கட்டித் தொங்கவிட்டு, ஒரு பீடி குடித்து முடிக்கிற நேரம் சும்மா நின்று பார்ப்போம். புரி நழுவுகிறதா, கம்பி முனகுகிறதா என்று. தாங்கினால் கண். தாங்காவிட்டால் வெறும் கம்பி. லோடு போடாமல் ஏற்றிய ஸ்லிங் ஒன்று என் கண்முன்னால் பின்னல் விட்டிருக்கிறது. இரும்புச் சட்டக்கட்டு கப்பல் அறைக்குள் விழுந்தது. நல்லவேளை, கீழே இருந்தவர்கள் டீக்குப் போயிருந்தார்கள். அதன் பிறகு சோதிக்காத பின்னலைப் பார்த்தாலே எனக்குக் கூசும்.

இப்போது அப்படி ஒரு பின்னல் என் கைக்குள் இருந்தது. மூன்று பின்னல். யார் பின்னினார், எத்தனை சுற்று செருகினார், ஒன்றும் தெரியாது. ராத்திரியும் பகலும் அதே நினைப்பு. தாங்குமா தாங்காதா. மேடம் போன பிறகு தாங்கவில்லை என்று தெரிந்தால் யாரிடம் போவேன்? தெரிய வேண்டியது இப்போதே தெரிந்துவிட்டால் நல்லது என்று தோன்றியது. கேட்க ஆள் இருந்திருந்தால் கேட்டிருப்பேன்.

செவ்வாய்க்கிழமை மதியம், அவன் டியூட்டிக்குப் போன பிறகு, ஊக்கைக் கழற்றி ரப்பரை விட்டேன். பிளாஸ்டிக் பக்கெட்டில் இரண்டு சொம்பு தண்ணீர் ஊற்றி, கைப்பிடியை விரல்களில் மாட்டித் தூக்கினேன். தாங்கியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அங்கே நிறுத்தியிருக்கலாம். ஆனால் அது சோதனை ஆகாது. கொஞ்சம் கூடவே போட வேண்டும். பக்கெட்டில் முக்கால்வாசி நிரப்பினேன். தூக்கிக்கொண்டு நின்றேன். பீடி பாதி எரிகிற நேரம் ஆகியிருக்கும். உள்ளங்கையில் எதுவோ விட்டது. சத்தம் இல்லை. ஈர மூட்டையிலிருந்து நூல் உருவிக்கொண்டு போவது மாதிரி, உள்ளங்கையிலிருந்து மணிக்கட்டை நோக்கி ஒன்று போயிற்று. பக்கெட் தரையில் உட்கார்ந்தது. தண்ணீர் பாய்வரை ஓடியது. மோதிர விரல் மட்டும் நேராக நின்றது.

நண்பனிடம் சொல்லவில்லை. அவன் சொன்ன ஜோக்குதான் காரணம் என்று தெரிந்தால் தாங்க மாட்டான். ரப்பரை மறுபடி மாட்டிக்கொண்டேன். ரப்பர் இழுத்தால் அறுந்த விரலும் மடங்கித்தான் நிற்கும், பார்ப்பவருக்குத் தெரியாது. மறுநாள் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போய் அந்தப் பூட்டுக்கு எதிரே உட்கார்ந்தேன். பெரிய டாக்டரிடம் போகலாம். போனால் திட்டுவார், கையை எடுத்துவிட வேண்டும் என்பார், வேறென்ன சொல்வார் என்றெல்லாம் நானே நினைத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

வியாழக்கிழமை மணலிக்குப் போனேன். லாரி நிற்கும் இடத்தில் தெரிந்த டிரைவர் ஒருவர் இருந்தார். எங்கேயாவது போய்விடலாம் என்றுதான். என்னைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டார், கிளீனருக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தாராம். "தார்ப்பாய் கயிறு இஸ்து கட்டணும், அவ்ளோதான் வேலை" என்றவர் என் கையைப் பார்த்தார். பிறகு டீ வாங்கித் தந்தார். ஓடிப்போவதற்கும் கை வேண்டும் என்பது அதுவரை எனக்குத் தோன்றியதில்லை.

சனிக்கிழமை மேடம் வந்தார். என் ரப்பரைக் கழற்றி, விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டார். மோதிர விரலில் கை நின்றது.

"எப்போ?"

"நாலு நாள் ஆச்சு மேடம்."

"நாலு நாளா யார்கிட்டயும் சொல்லாம இருந்தீங்களா?"

"யார்கிட்ட சொல்றது? ரூம் பூட்டியிருந்துச்சு."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். எப்படி ஆச்சு என்று கேட்டார். பக்கெட்டைச் சொன்னேன். ஏன் என்றார். ஸ்லிங்கையும் லோடையும் பீடியையும் சொன்னேன். திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். அவர் தன் நோட்டைத் திறந்து, நான் பென்சில் பிடித்த படத்தைப் பார்த்தார்.

"வேலை என்னன்னு கேட்டேன். பின்னினதை நீங்க எப்படி நம்புவீங்கன்னு கேட்கல" என்றார். பிறகு என் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினார். இன்னும் தள்ளிப்போனால் அறுந்த நுனி உள்ளே சுருங்கிவிடும், தைக்க முடியாது என்று பெரிய டாக்டரிடம் அவர்தான் வாதாடினார். மறுநாளே திறந்து தைத்தார்கள். மறுபடி மாவுத் தொட்டில், மறுபடி ரப்பர், முதலிலிருந்து நாள் எண்ண வேண்டும். அவர் கிளம்ப இரண்டே வாரம் இருந்தது.

அந்த இரண்டு வாரமும் மேடம் கட்டுப் போடும் அறையிலிருந்து ஓர் அண்ணனைத் தினமும் ஒரு மணி நேரம் கூட்டிவந்தார். எலும்பு முறிவுக்கு மாவுக்கட்டுப் போடுகிறவர், பெரிய உடம்பு, வெற்றிலை வாய். அவருக்கு இஷ்டமில்லை.

"நான் மாவு கரைக்கிறவம்மா. உன் வேலைக்குப் படிச்சவங்க வேணும். நாளைக்கி எவனுக்கான்னா கை வராம போச்சின்னா எம்மேல தூக்கிப் போட்ருவாங்க."

"என்னைவிட நீங்க நல்லா கட்டுறீங்க அண்ணே. உங்களை என் வேலைக்கு வரச் சொல்லல. இவங்க கட்டை எப்போ அவுக்கணும், எப்போ அவுக்கக் கூடாது, அது மட்டும் தெரிஞ்சுக்கங்க. அடுத்த ஆள் வர்ற வரைக்கும்."

"எப்ப வருவாங்க?"

"எழுதியிருக்கேன்."

அவர் என் கையை வைத்துத்தான் கற்றுக்கொண்டார். அவர் ரப்பரைக் கழற்றும்போதெல்லாம் எனக்கு வியர்த்துவிடும். மேடம் ஒரு நீள நோட்டில் ஒவ்வொருவருக்கும் பக்கம் போட்டு, தேதி போட்டு, தமிழில் பெரிய எழுத்தில் எழுதினார். என் பக்கத்தை எழுதும்போது என்னையே கேட்டார்: "உங்க மாதிரி ஹார்பர் ஆள் வந்தா, மடக்கக் கூடாதுன்னு எப்படிச் சொன்னா கேட்பாங்க?"

யோசித்தேன். "இது கம்பி இல்ல, புதுசா போட்ட சிமென்ட் தரைன்னு சொல்லுங்க. ஈரம் காயறதுக்குள்ள யாரும் ஏறி நின்னு பாக்க மாட்டாங்க."

அதை அப்படியே எழுதிக்கொண்டார். இது போல உங்கள் வேலையில் வேறு என்ன பழக்கம் இருக்கிறது என்றும் கேட்டார். அக்காவிடம் பிரஸ் பட்டறையில் எப்படி என்று கேட்டார். முன்னாலேயே கேட்டிருந்தால் என்று நான் நினைக்கவில்லை. பெஞ்சு நிறைய ஆள் உட்கார்ந்திருக்க, ஒரே ஒருவர் எப்போது கேட்பார்?

கடைசி நாளில் அக்கா ஒரு பொட்டலம் கொண்டுவந்தார். நெத்திலிக் கருவாடு.

"ஏரோப்ளேன்ல தொறந்துராதம்மா. பாதியில எறக்கி வுட்ருவாங்க."

மேடம் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். என் குத்தூசியைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். அதை வாங்கி ஒரு துணியில் சுற்றி அண்ணனிடம் கொடுத்தார். குழாயும் தாழ்ப்பாளும் அடித்த பலகையையும் கட்டுப் போடும் அறைக்கு மாற்றினார்கள். ரூமைப் பூட்டிச் சாவியை ஆபீசில் கொடுத்துவிட்டு, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்க வராந்தாவில் நடந்து போனார்.

அதன் பிறகு நான் எதையும் சோதித்துப் பார்க்கவில்லை. மணிக்கொரு தடவை நீட்டுவேன், விட்டுவிடுவேன். பஸ்ஸில் யாராவது இடித்தால் உயிர் போய்விடும். தூக்கத்தில் மடக்கிவிடுவேனோ என்று நண்பனைக் கேட்டேன். அவன் என் கையைத் தலையணையோடு சேர்த்துத் துண்டால் கட்டிவிட்டுப் படுப்பான். விரல் மறுபடி அறுந்ததற்குக் காரணம் என்னவென்று அவனிடம் நான் கடைசிவரை சொல்லவில்லை.

நோட்டில் போட்டிருந்த தேதி வந்தது. கட்டுப் போடும் அறையில் கால் உடைந்தவர்கள் வரிசையாக இருந்தார்கள். அண்ணன் கையைக் கழுவிவிட்டு வந்து, என் பக்கத்தைத் திறந்து, வரியின்மேல் விரல் வைத்துப் படித்தார். அக்காவும் வந்திருந்தார், அவருக்கு அன்றைக்கு வர வேண்டிய நாளே இல்லை.

"இன்னியிலேர்ந்து தானா மடக்கலாம்னு போட்டுகீது. மெதுவா. இஸ்து புடிக்கக் கூடாது." மூன்று ரப்பரையும் கழற்றினார். "ம். மடக்கு."

என்னால் முடியவில்லை. விரல்களால் அல்ல, என்னால். மடங்கு என்று நான் விரலிடம் சொன்னால் போதும், அது நடந்துவிடும், அல்லது நடக்காது. அந்தச் சின்ன வயது டாக்டர் மடக்கச் சொன்ன நிமிஷம் திரும்பி வந்தது. உள்ளே ஏற்கெனவே விட்டுப்போய், ரப்பர்தான் இத்தனை நாள் மறைத்து வைத்திருந்ததோ என்றிருந்தது.

"மடக்கு நைனா" என்றார் அக்கா. "நாங்க பாத்துகினு தான கீறோம்."

மடக்கினேன். நடுவிரல் வந்தது. சுண்டு விரல் நடுங்கிக்கொண்டு வந்தது. மோதிர விரல் கிளம்பியது, பாதி தூரம் வந்தது, நின்றது. மறுபடி முயன்றேன். அதே இடம்.

அண்ணன் நோட்டைப் பார்த்தார். "அடுத்தாப்பல ஊசியக் கையில குடுன்னு போட்டுகீது." துணியைப் பிரித்துக் குத்தூசியை என் உள்ளங்கையில் வைத்தார். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சுண்டு விரலும் கட்டை விரலும் அதைச் சுற்றின. மோதிர விரல் இரும்பைத் தொடாமல் மேலேயே நின்றது. ஆனால் ஊசி விழவில்லை. அவர் கையை எடுத்த பிறகும் விழவில்லை.

"இந்த வெரலு பாதியில நிக்கிதே, இதுக்கு இன்னா பண்றது?" என்று அக்கா கேட்டார்.

அண்ணன் பக்கத்தின் அடிவரை படித்தார். திருப்பினார். மறுபக்கம் அக்காவுடைய பக்கம். முன்னாலும் திருப்பிப் பார்த்தார். கால் உடைந்தவர் ஒருவர் உள்ளேயிருந்து கூப்பிட்டார்.

"அது எழுதல" என்றார். ரப்பர்களை எடுத்து என் சட்டைப் பையில் போட்டார். "நாளிக்கி வா."

"நாளைக்கு என்ன பண்ணுவீங்க?"

"தெர்ல. நீ வா."

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் போனேன்.